தகரமும் பலகையும் கடப்பாறையும்: ஞானராஜ் சாரின் கட்டடங்கள்

ஊட்டி மழையில் தட்டைக் கூரை போடுகிற ஆர்க்கிடெக்டிடம் வேலை பார்ப்பவர்கள், கட்டடம் நனைவதற்கு முன்னால் தாங்கள் நனையப் பழக வேண்டும். உங்களில் யாராவது அப்படி ஒருவரிடம் மாட்டியிருந்தால் என் கஷ்டம் புரியும். எழுபதுகளில் குன்னூரில் ஞானராஜ் சாரிடம் படம் வரைந்துகொண்டிருந்தேன். பெண்ணானாலும் பதவிப் பெயர் டிராப்ட்ஸ்மேன்தான். வெள்ளைக்காரர் பாணிப் புகைபோக்கி, மர வேலைப்பாடு எதுவும் சாருக்கு ஆகாது. வெறும் காங்கிரீட், நேர்கோடு, பெரிய ஜன்னல். அவ்வளவுதான்.

மேலே தகரம்

ஊட்டி பெர்ன்ஹில்லில் ஓர் ஆசிரியர் தம்பதிக்கு வீடு கட்டினோம். இரண்டாவது மழைக்கே ஒழுகியது. சார் தார் பூசவைத்தார், மறுபடியும் ஒழுகியது. ஒருநாள் போய்ப் பார்த்தால், அவர் ஆசையாகப் போட்ட கூரைக்கு மேல் சரிவாகத் தகரம் வேய்ந்திருந்தார்கள். சார் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டீச்சரம்மா ஓடிவந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உள்ளார உங்க ஊடுதானுங்க, மேல மட்டுந்தான் எங்களுது."

தாழ்ந்த ஜன்னல்

சேரங்கோடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு பிள்ளைக் காம்பரா கட்டினோம். தவழுகிற குழந்தையும் வெளியே பார்க்கட்டும் என்று சார் ஜன்னலைத் தரையோடு வைத்தார். எதிர்ச் சரிவில் கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்கும் பிள்ளைகள் தெரிந்தார்கள்.

பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் வேலை கெடுகிறது என்று எஸ்டேட் அதிகாரி கண்ணாடியைப் பலகையால் அடைத்தார். மறுநாள் காலை ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. பிள்ளைகளோடு காம்பரா வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அதிகாரியே ஆள் வைத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து வந்த பாக்கியம் என்ற பெண், இடுப்பில் குழந்தையோடு அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ள தெரிஞ்சாத்தான் தொர எங்களுக்குக் கையி ஓடும்."

உடையாத சுவர்

குன்னூரில் தேயிலை வியாபாரிகளுக்கு நாங்கள் கட்டிய அலுவலகத்தைச் சில வருடங்களுக்கு முன் இடித்தார்கள். சார் அப்போது கோவையில் மகள் வீட்டில் படுத்த படுக்கை. சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை; சாலையோரம் நின்று போன் செய்தேன்.

"உடையுதாம்மா?" என்றார் சார்.

"லேசுல உடையல சார். கடப்பாறையப் போட்டுட்டு எல்லாரும் உக்காந்துட்டாங்க."

அவர் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"பாவம், அவங்களுக்கு டீ வாங்கிக் குடும்மா."

வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தபடியே, இப்படிக் கட்டியவர்களை ஆட்கள் திட்டித் தீர்த்தார்கள். படம் வரைந்தவளுக்குக் கட்டடத்தில் பங்கு கிடையாது என்றாலும், அதற்கு விழும் ஏச்சில் மட்டும் முழுப் பங்கு உண்டு.