காஸ்மிருக்கு விழுந்த எண்

பஃபலோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நிலவறையில் பெர்னடின் நோவிட்ஸ்கி கால் நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். மேலே டாக்டர்கள் வெட்டுவதையும் தைப்பதையும் கீழே எண்ணாக மாற்றுவது அவள் வேலை. அந்த எண் போனால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். இப்போது அந்த அறையே இல்லை. ஆளாளுக்கு வீட்டில் கம்ப்யூட்டரோடு தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பாவம், யாரோடு சண்டை போடுவார்கள் என்று பெர்னடின் இன்னும் அங்கலாய்க்கிறாள். தலைக்கு மேல் ஓடிய சுடுதண்ணீர்க் குழாய், எண்களை அச்சடித்த, வருஷா வருஷம் மாறும் தடிப் புத்தகம், வெள்ளிக்கிழமை ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுவந்த பதார்த்தம், எதிர் மேஜையில் வாயாடி லொரெட்டா. அதையெல்லாம் நினைத்தால் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மூளை, இதயம் என்று பெரிய கேஸ் வந்தால் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவள் புத்தகத்தில் சரிபார்ப்பாள். பேர் மட்டும் வாயில் வரக் கூடாது. தெரிந்தவர் கேஸ் என்றால் திறக்காமல் இன்னொருத்திக்குத் தள்ளிவிட வேண்டும். எட்டிப் பார்த்தால் வேலை போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஒன்றில், மூளை அறுவை என்ற தலைப்போடு பெர்னடினின் திரையில் காஸ்மிர் ஷிமான்ஸ்கியின் பேர் வந்து நின்றது.

காஸ்மிர் அக்கார்டியன்காரன். சர்ச் மண்டபத்தில் போல்கா நடனம் என்றால் சின்ன வயதிலிருந்தே அவன் வாசிப்புதான். பெர்னடின் ஆடாத பாட்டில்லை. ஆனால் ஒரு நாள்கூட அவனோடு ஆடியதில்லை. அவன்தான் மேடையில் இருக்கிறானே! அவன் வாசிக்க, அவள் கண்டவனோடெல்லாம் ஆடினாள். அதில் ஒருவனைக் கட்டிக்கொண்டு, நல்லபடியாக வாழ்ந்து, அவனை அடக்கம் செய்தும் ஆயிற்று. காஸ்மிர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பிறகு அவன் கை நடுங்க ஆரம்பித்தது. மண்டைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரிப் பெட்டி வைத்தார்கள். நடுக்கம் நின்றது, பாட்டும் திரும்பி வந்தது. அந்தக் கம்பிக்குத்தான் இப்போது ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

அவள் சூப்பர்வைசர் மார்வாவைக் கூப்பிட்டாள்.

"இது எனக்கு வேண்டாம். தெரிஞ்சவர்."

"சொந்தமா?"

"இல்ல."

"சிநேகிதரா?"

"அவர் வாசிப்பார், நான் ஆடுவேன்."

"அதுக்கெல்லாம் இங்க கட்டம் இல்லடி. 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன்."

கேஸ் லொரெட்டாவிடம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது. "ஆறு, ஒண்ணு, எட்டு, எட்டு, சைபர்."

"அப்புறம்?" புத்தகத்தைத் திறக்காமலே கேட்டாள் பெர்னடின்.

"அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு."

புதுக் கம்பி வைத்திருந்தால் கூடவே இன்னொரு எண் வரும். வரவில்லை. ஆக, பழையதைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் கைக்கு அந்த எண் வந்தபோதெல்லாம் கம்பியில் கிருமி சேர்ந்து எடுத்துப்போட்ட கேஸ்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள் லொரெட்டா.

"ஒண்ணுமில்ல. பசி."

அந்தத் தவக்காலம் முழுக்க அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு நினைப்பும் வந்து தொலைத்தது. இனி அவன் மேடையேற மாட்டான், கீழேதான் நிற்பான். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் போலந்துக்காரர்களின் டிங்கஸ் கொண்டாட்டம். அன்றைக்குப் பிடித்த ஆணைப் பெண்கள் வில்லோக் குச்சியால் தட்டலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெர்னடின் சர்ச் மண்டப வாசலிலேயே ஒரு குச்சி வாங்கினாள். காஸ்மிர் பீர் கோப்பையோடு நின்றிருந்தான். பின்னால் போய் கெண்டைக்காலில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

"அடிப்பாவி, நீயா!"

"நான்தான். இந்த வருஷமாவது என்கூட ஆடு. நீ வாசிச்சு, நான் ஊர்க்காரனோட ஆடி ஆடி அலுத்துப்போச்சு."

காஸ்மிர் திருதிருவென்று விழித்தான். "இப்ப நான் மேடை ஏறணுமே."

"ஏறணுமா? அப்ப கை?"

அவன் கோப்பையை நீட்டிக் காட்டினான். பீர் அசையவில்லை. "கம்பி கொஞ்சம் நகர்ந்திருந்ததாம். திரும்ப இடத்துல வெச்சுட்டாங்க. ஆமா, உனக்கு யார் சொன்னா?"

பெர்னடினின் முகம் சிவந்துபோயிற்று. திருத்தினாலும் அந்த எண்தான், அகற்றினாலும் அந்த எண்தான். புத்தகத்தில் இரண்டையும் ஒரே வரியில் அச்சடித்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். காஸ்மிர் என்றதும் பயத்தில் பாதி வரி மறந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவும் முடியாது.

"யாரும் சொல்லல. ஆடுவியா, மாட்டியா?"

அவன் கோப்பையைப் பக்கத்து மேஜையில் வைத்தான். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, "முதல் பாட்டை நான் இல்லாம ஓட்டுங்கடா!" என்று கத்தினான்.

ஆட்டம் மகா மோசம். எடுத்த எடுப்பிலேயே அவள் காலை மிதித்தான்.

"இத்தனை வருஷம் மேல இருந்து எல்லார் காலையும் பார்த்தியே, ஒண்ணும் கத்துக்கலையா?"

"எல்லார் காலையும் எங்க பார்த்தேன்? உன் காலைத்தான் பார்த்தேன். அது எங்க ஒரு இடத்துல நின்னுச்சு?"

மறுநாள் பெர்னடின் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே மார்வாவின் மேஜைக்கு வந்தாள்.

"அந்த 'மற்றவை'யை அடிச்சுடு."

"அடிச்சுட்டு என்னன்னு போட?"

"அவரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."