ஏழாம் நம்பர் தடுப்பு

பட்டப்பகலில் நடந்தது இது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ஆரம்பித்தது. ஷெல்பி கதை கட்டுகிற பெண் இல்லை. அவள் பின்கழுத்துத் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். "தொட்டுப் பாரேன்" என்றாள். எனக்குக் கை போகவில்லை.

லூசியானாவில் மோர்கன் சிட்டிக்குப் பக்கம் ஒரு கப்பல் பட்டறை. ஷெல்பி நாக்கனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வெல்டர் சர்டிபிகேட்டுக்கான பைப் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவள். மூன்றாவதும் போனால் ஆறு மாதம் கேட் பக்கமே வர முடியாது. தேறினால், திங்கட்கிழமை கடலுக்குப் போகிற குழுவில் இடம்.

இரண்டு துண்டு பைப்பைச் சாய்வாக இறுக்கி வைத்திருப்பார்கள். அதை அசைக்கக் கூடாது. நாம்தான் சுற்றிச் சுற்றிக் குனிந்து, மல்லாந்து, பற்றவைக்க வேண்டும்.

டெஸ்ட் கொடுக்க, இரும்புத் தகடு அடித்த சின்ன அறை மாதிரித் தடுப்புகள் வரிசையாக ஏழு. ஆறு நிரம்பிவிட்டன. இன்ஸ்பெக்டர் கர்ட் வெரெட் கடைசித் தடுப்பின் கித்தான் திரையை விலக்கிப் பிடித்தார். ஐம்பது வயது இருக்கும். எப்போதும் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை மாட்டியிருப்பார்.

"உள்ள போம்மா."

"இதுல சாமான்தானே போட்டு வெச்சிருந்தீங்க சார்?"

"ஒழிச்சாச்சு. போ."

அவர் உள்ளே கால் வைக்கவில்லை.

பக்கத்துத் தடுப்பிலிருந்து டானி கத்தினான். "ஏய் ஷெல்பி! இந்தத் தடவையும் ஊத்திக்கிட்டா கப்பல்ல பாத்திரம் தேய்க்கப் போயிடு!"

"உன் வெல்டைப் பாத்து உங்கம்மாவே அழுவுறாங்களாம், மூடுடா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுதான் அன்று அவள் கடைசியாகச் சிரித்தது.

முகத்தை மூடும் வெல்டிங் ஹெல்மெட்டை இறக்கினாள். பகலெல்லாம் காணாமல் போனது. கறுப்புக் கண்ணாடிக்குள் கும்மிருட்டு. வெல்டிங் ராடைப் பைப்பில் உரசியதும் தீப்பொறி பிடித்தது. ஸ்ஸ்ஸ்ஸ்... ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை வெளிச்சம்.

நன்றாக ஓடியது. மிக நன்றாக.

ஒன்று முப்பத்திரண்டு. ராடு மாற்ற ஹெல்மெட்டைத் தூக்கினாள். மெஷினைப் பார்த்தாள். தொண்ணூறில் வைத்த கரண்ட், நூற்று நாற்பதில் நின்றது. குறைத்தாள். குனிந்தாள்.

முடி பொசுங்கும் நாற்றம்.

தொப்பியைத் தடவிப் பார்த்தாள். பொசுங்கியது தன் முடி இல்லை.

மறுபடி தீப்பொறி. பைப்புக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தின் ஓரத்தில், இரண்டு முழங்கால்கள் தெரிந்தன. யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டானி, விளையாடாதடா!"

ஹெல்மெட்டைத் தூக்கினாள். வெறும் சுவர்.

அடுத்த தடுப்பில் டானி இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அங்கேதான் இருந்தான்.

ஒன்று நாற்பத்தேழு.

இந்த முறை முகம் தெரிந்தது. ஹெல்மெட் இல்லாத முகம். வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்த்தது. இமைக்கவில்லை... இமைக்க இமையே இல்லை. ஒரு பக்கக் கன்னம் எலும்போடு ஒட்டிக் கருகியிருந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

பின்கழுத்தை ஒரு கை பிடித்தது.

கொதிக்கும் கை. ஒரே அழுத்து. ஹெல்மெட் பைப்பில் மோதிக் கண்ணாடி தெறித்தது. மறுபடி இடித்தது. மறுபடி. பல் உடைந்து நாக்கில் ரத்தம் ஊறியது.

அவள் காலடியில் கிடந்த கிரைண்டர் தானாகச் சுழன்றது. தரையில் துள்ளி வந்து முழங்கையைக் கிழித்தது.

அலறினாள். சத்தம் வரவில்லை.

சுத்தியல் கைக்குக் கிடைத்தது. பின்னால் வீசினாள். எதிலோ பட்டது. ஈரமான எதிலோ... டக்.

பிடி தளர்ந்தது.

திரையோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தாள்.

ஒன்று நாற்பத்தொன்பது.

டானி ஓடி வந்தான். "எவன் உள்ள? எவன்டா அது?" இரும்புக்கம்பியோடு புகுந்தான். திரும்பி வந்தான். "யாரும் இல்ல ஷெல்பி... யாருமே இல்ல."

வெரெட் நிதானமாக வந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"கழுத்தைக் காட்டு."

பார்த்தார். பெரிய பாரம் இறங்கியவர் போல மூச்சு விட்டார். தாளில் 'தேறவில்லை' என்று எழுதிவிட்டு நடந்தார்.

ஷெல்பி விடவில்லை. காயம் ஆறியதும், ஏப்ரலில், வேறு ஊரில் போய் டெஸ்ட் கொடுத்துத் தேறினாள். கடலுக்கும் போனாள். அங்கே அல்சிட் என்ற வயதான பைப் ஃபிட்டர், சாப்பாட்டு மேஜையில் அவள் கழுத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அக்டோபர் மாசமா? ஏழாம் நம்பரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓர்வில் டுகான்னு ஒருத்தன். பத்தொம்பது வருஷம் முன்னாடி அங்க டெஸ்ட் கொடுத்தான். இருந்தது ஒரே ஒரு வேலை. அவனோட போட்டி போட்டவன் அவன் மூஞ்சியைப் பழுக்கக் காய்ஞ்ச பைப்புல வெச்சு அழுத்திட்டான். மூணு நாள் உயிரோட கெடந்தான். மயங்கி விழுந்துட்டான்னு எழுதி மூடிட்டாங்க."

"அழுத்தினவன்?"

"வேற யாரு? உன்னை உள்ள அனுப்பினவன்தான். வருஷத்துக்கு ஒரு புதுப் பிள்ளையை அதுக்குக் கொடுத்துடுவான். அந்த வருஷம் அது அவன் கழுத்தைத் தொடாம விட்டுடும்."

ஷெல்பி சும்மா இருக்கவில்லை. கரைக்கு வந்ததும் கேட்டில், பாரில், பயிற்சிப் பள்ளியில், கண்ட புதுப் பிள்ளைகளிடமெல்லாம் கழுத்தைக் காட்டினாள். டானியும் கூடப் போனான். அந்த அக்டோபரில் ஏழாம் தடுப்புக்குள் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. வெரெட் கெஞ்சியும் பார்த்தாராம்.

மாதக் கடைசி நாள், மதியம், அவரை அதற்குள்தான் கண்டெடுத்தார்கள். முகத்தைப் பைப்போடு சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்திருந்தது. ஒரு இடைவெளி கூட விடாத, அருமையான வெல்டு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

போலீஸ் மெஷினைச் சோதித்தது. அந்தத் தடுப்புக்குப் போகும் கரண்ட் வயரை அந்த வருஷம் ஜூலையிலேயே கழற்றி எடுத்துவிட்டார்களாம்.