வஞ்சிரத்தில் எடுத்த முள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒருவர் கடல் மீன் ஓட்டல் வைத்திருந்தார். பேர்ப்பலகையில் ஒரு கப்பல். கப்பல் மேல் உட்கார்ந்திருந்த பறவை அசல் காக்கை. வரைந்தவர் கடலைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

கொஞ்சம் வசதி வந்தவர்கள் அங்கே போய் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுவிட்டு, வாசலில் பல் குத்திக்கொண்டு கால் மணி நேரமாவது நிற்பார்கள். சாப்பிட்டதைவிட நின்றதுதான் முக்கியம். கோமுகி அணையில் பிடித்த கெண்டை தெருவில் கூடையில் வந்தால் இதே ஆட்கள் "சேத்து வாடை" என்று மூக்கைச் சுளிப்பார்கள். அணை மீன் கூலிக்காரர்கள் தின்பதாம். கடல் மீன் கௌரவமாம். அந்தக் கௌரவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஓட்டலில் நான் முதல் தடவை சாப்பிட்டது என்னைப் பெண் பார்க்க வந்தவர்களோடு.

அப்போது ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். முடிக்க ஐந்து மாதம் பாக்கி இருந்தது. கடலூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் காலை பஸ்ஸில் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. ஆனால் இடஒதுக்கீடு கிடைத்ததும் வந்துவிடும் என்று அவன் அம்மா சொன்னார். வரப்போகிற வேலைக்கு இப்போதே சீரில் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்பறம் படிப்பு கிடிப்புலாம் வாணாங்க. எங்க வூட்ல பொண்ணுங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல."

இதுவரை வேலையே கிடைக்காதவன் வீட்டில், ஐந்து மாதத்தில் வேலைக்குப் போகக்கூடியவள் படிப்பை நிறுத்த வேண்டும். எங்கள் அப்பா தலையை ஆட்டினார். சமுதாயத்துக்கு வேலை வேண்டும் என்று கூட்டம் போட்ட இடத்திலெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர் அவர். அந்தச் சமுதாயத்தில் அவர் மகள் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

அன்று மதியமே இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சமுதாயத்தாரின் மறியல் தொடங்கிவிட்டது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. வந்தவர்கள் திரும்ப முடியாமல் லாட்ஜில் தங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அதில் ஒரே பெருமை. "நம்ம ஆளுங்க வெட்டுனா வெட்டுனதுதாங்க. ஒரு ஈ போவ முடியாது," என்று அப்பாவிடம் சொன்னானாம். போக முடியாத ஈ தான்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், சோறு கூடாது. அதனால் இரண்டு நாள் அப்பா ஒரு சைவ ஓட்டலிலிருந்து சாம்பார் சாதம் வாங்கி லாட்ஜுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்கு மீன் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று செய்தி வந்தது. கடலோரத்துப் பிள்ளையாம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். திரும்பி வந்து, "நம்ம ஊர் ஓட்டல்லயே வஞ்சிரம் கெடைக்குது, மத்தியானம் கூப்டுகினு போறேன்," என்றார். பெண்ணும் வரட்டும், இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். என் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, "வாயத் தொறக்காத," என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஓட்டல்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார். நாங்கள் நாலு பேரும் குனிந்து உள்ளே நுழைந்தோம். குடும்ப அறை என்பது பின்பக்கம் ஒரு பச்சைத் திரைக்குள் ஒரு மேஜை. என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கொல்லை. அங்கே ஒரு பெண் அரிவாள்மனை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாகக் கூலி வேலை எதுவும் இல்லை. அவள் எங்கள் சமுதாயம் இல்லை; அந்த மறியலால் அவளுக்கு வரப்போவது ஒன்றுமில்லை, போனதுதான் உண்டு. அவள் பக்கத்தில் செதில் குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றும் நாலணாக் காசு அகலம்.

வஞ்சிரத்துக்குச் சொல்லும்படி செதில் கிடையாது. ஒரு தடவையாவது மீன் ஆய்ந்தவளுக்கு இது தெரியும். அது கெண்டை. அணைக்குப் போகிற காச்சிராயபாளையம் ரோட்டில் விழுந்த மரங்களுக்கு இடையே எவரோ சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொண்டுவந்த அணைக் கெண்டை.

வறுவல் வந்தது. வட்ட வட்டமாக நறுக்கி, மிளகாய்த் தூளை அப்பி, எது மீன் எது மசாலா என்று தெரியாமல் வறுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்து முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இது காலையில வந்த மீனுங்க. கடல் வாசனையே தனி. எங்க ஊர்ல கண்ணக் கட்டிக் குடுத்தாலும் இன்னா மீன்னு சொல்லிடுவேன்."

"மீன் வண்டிக்கு மட்டும் வழி உட்ருப்பாங்க தம்பி," என்றார் அப்பா.

"உட்ருப்பாங்க, உட்ருப்பாங்க," என்றான் அந்த நிபுணன்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இவனை நம்பியா நான் ஐந்து மாதப் படிப்பைக் குப்பையில் போட வேண்டும்? தின்பதைத் தவிர மீனோடு இவனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு மீனைக்கூட அரிந்திருக்க மாட்டான்.

பிறகுதான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவர் சாப்பிடவே இல்லை. மகனுடைய இலையில் கை வைத்து, சதையைப் பிட்டு, முள்ளை எடுத்து ஓசைப்படாமல் தன் இலைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். வஞ்சிரத்துக்கு நடுமுள் ஒன்றுதான். இதில் கவட்டை கவட்டையாக மெல்லிய முள் வந்துகொண்டே இருந்தது. நாற்பது வருஷம் மீன் ஆய்ந்த கை. முதல் விள்ளலிலேயே தெரிந்திருக்கும். மகன் கடல் வாசனையைப் பற்றிப் பேசப் பேச, அவர் கெண்டை முள்ளை ஒளித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இத்தனை வயதில் இப்படி ஒரு பிழைப்பா என்று அருவருப்புதான் வந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சிரித்தார்.

"இவனுக்கு முள்ளு எடுத்துப் போட்டாத்தான்மா சாப்புடுவான். சின்ன வயசுலேர்ந்து பழக்கிட்டேன். இனிமே நீதான் எடுக்கணும். எங்க, எடு பாக்கலாம்."

பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள். எனக்கு வந்தது முள் எடுக்கிற பரீட்சை. சப்ளையரிடம் ஒரு காலித் தட்டு வாங்கி, பெரிய துண்டாக ஒன்றை வைத்து என் முன்னால் நகர்த்தினார். அப்பா, "நல்லா எடுக்குங்க, எங்க வூட்ல அதுதாங்க மீனே ஆயும்," என்று என்னை மாட்டுத் தரகர்போலப் புகழ்ந்தார்.

நான் எடுத்தேன். நிதானமாக எடுத்தேன். ஆனால் ஒன்றையும் ஒளிக்கவில்லை. எடுத்த ஒவ்வொரு முள்ளையும் தட்டு விளிம்பில் வரிசையாக, எல்லாக் கவட்டையும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கினேன். நாலு, ஐந்து ஆனபோது அவன் அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. பத்து தாண்டியபோது அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார். பதினேழு முள். சதையைத் தனியாகக் குவித்து, தட்டை மாப்பிள்ளை பக்கம் தள்ளினேன்.

"இன்னா இது?" என்றான்.

"வஞ்சிரத்தோட முள்ளுங்க," என்றேன்.

அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. "இவ்ளோ இருக்குமா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டான். அவர் கை கழுவ எழுந்தார். கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண் அரிவாள்மனையை மடக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா ஒரு பர்லாங்கு தூரம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பிறகு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியாதா பாப்பா? நாந்தான் ஓட்டல்காரருகிட்ட வஞ்சிரம்னு சொல்லச் சொன்னேன். வேற இன்னா பண்றது? கெண்டையப் போட்டு சம்பந்தம் பேச முடியுமா?"

அவமானப்படுத்தியது அவர்களை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டது அப்பா. அதற்காக வருத்தப்பட்டேன். ஆனால் செய்ததற்காக வருத்தப்படவில்லை. பாதை திறந்த மறுநாள் அவர்கள் ஊர் போனார்கள். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று தகவல் வந்தது. நான் பேசியதே ரெண்டு வார்த்தை. அப்பா அடுத்த ஒரு வருஷம் மாப்பிள்ளை பேச்சையே எடுக்கவில்லை. அதற்குள் பயிற்சியை முடித்தேன். கொஞ்ச காலத்தில் வேலை கிடைத்து, வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். கல்வராயன் மலையில் பதினோரு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பதினேழு முள்ளைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் சொல்லாத ஆள் இல்லை. சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவைப் போலக் கையை வைத்து நடித்துக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இப்போது அந்த ஓட்டல் இருந்த இடத்தில் ஏசி போட்ட கடல் உணவகம் வந்திருக்கிறது. போன மாதம் என் மகன், தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை எனக்கு அறிமுகப்படுத்த அங்கே கூட்டிப்போனான். இருவருக்கும் வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, யாரும் யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மீன் வந்தது. அவன் எதையோ சொல்லிக்கொண்டே சாப்பிட்டான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். என்னவென்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கை மகனுடைய தட்டில் இருந்தது. விரலிடுக்கில் ஒரு முள்.