அக்காவின் பாதி

ரெடிமேட் கடையின் மாடியில், ஜன்னலில்லாத மூலையில் உட்கார்ந்து பேண்ட் நீளம் குறைப்பவளுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் ஊசி. ஆளும் ஒல்லி, நாக்கும் அப்படி. கை மட்டும் தாராளம். எதைப் பிடித்துத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பாள். "நாளைக்கு ஒரு சுத்து பெருத்தா பிரிச்சு விட்டுக்கட்டும், பாவம்" என்பாள். துணியிடம் காட்டிய தாராளத்தை ஒரு மனுஷியிடமும் காட்டினாள், அதுதான் வினையாகிப் போனது.

அந்த மனுஷி அவளுடைய பெரியம்மா மகள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அக்காவுக்குப் பால்கனி அறை, ஊசிக்குச் சமையலறையை ஒட்டிய பொந்து. ஒப்பந்தக் காலம் பாதிகூட ஓடவில்லை. ஊசி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அக்கா மூட்டை கட்டிவிட்டாள். ஊசி பார்த்துப் பார்த்துத் தைத்த திரைச்சீலைகளையும் கம்பியோடு கழற்றிக்கொண்டு போயிருந்தாள். கம்பி கூடவா! முழு வாடகையை ஒற்றை ஆளாகக் கட்ட முடியாமல் ஊசியும் வெளியேறினாள். வீட்டுக்காரர் பாக்கியை ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுத் தலைமுழுகினார். கம்பெனி இருவர் மேலும் வழக்குப் போட்டது.

சம்மன் வந்ததுமே அக்கா போன் செய்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"பதிலெல்லாம் போட்டுட்டு இருக்காதடி. கண்டுக்காம விட்டா அவங்களே அலுத்துப் போயிடுவாங்க. நானும் போடல."

ஊசி நம்பிவிட்டாள். கடை மேனேஜர்தான் தலையில் அடித்துக்கொண்டார். "பேசாம இருந்தா தீர்ப்பு உன் தலையில விழும். மாசாமாசம் சம்பளத்துல பிடிப்பாங்க, அப்புறம் உன் மெஷினை மறந்துட வேண்டியதுதான்" என்று சொல்லி, இலவச சட்ட உதவி அறைக்கு விரட்டினார். சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி, ஜன்னல் உள்ள அறையில் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்று ஊசி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தது கடைக்கே தெரியும்.

வக்கீலம்மா வழக்குக் கட்டைப் புரட்டினார். "உங்க அக்கா எப்பவோ பதில் போட்டுட்டாங்களே! வீடு தங்கச்சியோடது, நான் விருந்தாளியாத்தான் தங்கினேன்னு."

ஊசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். விருந்தாளியாம்! பால்கனி அறையில் காலை நீட்டிக்கொண்டு, ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்ன விருந்தாளி!

"விடுங்கம்மா. வீட்டுக்காரர்கிட்ட பாக்கியை விலைக்கு வாங்கினதுக்குக் கம்பெனிகிட்ட சரியான பேப்பரே இல்ல. ஆதாரம் கேட்டு ஒரு பதில் போட்டா கேஸ் அநேகமா படுத்துடும். நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம்."

"எனக்கு மட்டுமா மேடம், அவளுக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

ஊசியின் முகம் சுருங்கியது. "அவ ஆதாரம் கேட்டிருக்காளா?"

"இல்ல. பொய் சொல்லவே அவங்களுக்கு நேரம் சரியா இருந்திருக்கு."

"அப்ப நானும் கேக்கல. என் பாதியைக் கட்டிடறேன். அவ பாதிக்குக் கேஸ் நடக்கட்டும். ரெண்டு கையெழுத்தும் இருக்கிற ஒப்பந்தம் என்கிட்ட இருக்கு, அதையும் கோர்ட்ல கொடுத்துடுங்க."

"உங்களுக்கென்ன கிறுக்கா?"

"ஆமா மேடம்."

வக்கீலம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஊசி அசையவில்லை. மெஷினுக்கென்று சேர்த்தது மொத்தமும் கம்பெனிக்குப் போனது. அவர்களுக்குக் கசக்குமா?

விசாரணைக்கு முதல் நாள் அக்கா கடை மாடிக்கே வந்துவிட்டாள், கையில் ஒரு கருநீல கவுனோடு. அவள் தைக்கக் கொடுத்த எதற்கும் இதுவரை கூலி கொடுத்ததில்லை.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்கடி. நீ ஒண்ணும் பதில் போடலதானே?"

"போடலக்கா."

"அதானே. இதை இடுப்புல நல்லா பிடிச்சுக் கொடு. பார்க்க மரியாதையா இருக்கணும்."

ஊசி அளவெடுத்தாள், பிடித்தாள், தைத்தாள். அக்கா கண்ணாடியைப் பார்த்துக் கொண்டை சரிசெய்துகொண்டிருந்தபோது, உள்ளே மிஞ்சிய துணியைத் தையலை ஒட்டி நறுக்கிக் கூடையில் போட்டாள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. சுகமாக இருந்தது. கத்தரிக்கோல் கடையுடையது, மெஷினும் கடையுடையது. இனி வெகுகாலத்துக்கு அந்த ஜன்னலில்லாத மூலைதான். அதுவும் தெரிந்தேதான் நறுக்கினாள்.