எஃகுக்குள் செம்பு

காஞ்சிபுரத்தில் கோல்ஃப் ஆடுகிறவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் தாமல் ஏரியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எங்கள் வார்ப்படப் பட்டறையில் கோல்ஃப் மட்டைக்குத் தலை வார்க்கிறோம். பந்தை அடிக்கிற உலோகப் பகுதிதான் தலை. பார்க்கிறதுக்குச் சாம்பார்க் கரண்டியை நசுக்கி வைத்த மாதிரி இருக்கும். அதை எந்த உலோகத்தில் வார்ப்பது என்று முடிவு செய்வது என் வேலை. உலோகவியல் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பல பவுண்டரிகளில் புகை தின்றுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள் நான்.

முதலாளி பட்டுக்கடைக்காரர். அவர் குடும்பத்துக் கடை டவுனில் இன்னும் நடக்கிறது. பட்டில் வந்த லாபத்தைப் பட்டறையில் போட்டவர், பட்டில் பழகிய சந்தேகத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கையில் எதைக் கொடுத்தாலும் நகத்தால் ஒரு சுரண்டு! எங்கள் ஊரில் ஜரிகையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கம்பிக்கு மேல் தங்க முலாம் என்றால் அசல். உள்ளே செம்பு என்றால் டூப்ளிகேட். செம்பு என்று காதில் விழுந்தாலே பட்டுக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்னை ஏற்றுமதிக்காரர் ஒருவர் மாதிரித் தலைகள் கேட்டிருந்தார். முகப்பு மெல்லிசாக இருக்க வேண்டும், பந்தை அடித்து அடித்துக் குழி விழக் கூடாது, ஈரப் புல்லில் துருவும் பிடிக்கக் கூடாது. முதலாளி யோசிக்கவே இல்லை. "நல்ல எவர்சில்வர்ல போட்டுடுமா" என்றார். அவர் சொன்னது பாத்திரக்கடை ரகம். துருப்பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் மெதுவான ரகம், உலையில் எத்தனை சூடு காட்டினாலும் இறுகாது. நான் 'பதினேழு-நாலு' என்ற எஃகைத் தேர்ந்தெடுத்தேன். நூற்றில் குரோமியம் சுமார் பதினேழு பங்கு, நிக்கல் நாலு பங்கு என்பதால் அந்தப் பெயர். வார்த்த பிறகு மிதமான சூட்டில் ஊறவிட்டால் நன்றாக இறுகிவிடும். டவுனில் ஒரு டீலரிடம் சரக்கு எடுத்தோம். அவர் போகிற சர்ச்சுக்குத்தான் நானும் போகிறேன். அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வந்த தலையை முதலாளி கையில் வாங்கிச் சுரண்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பாத்திரம் வாங்கும்போது செய்கிற அதே சோதனை: ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டம். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இன்னாமா இது?"

"இந்த ரகம் ஒட்டும் சார். ஆனா துருப்பிடிக்காது."

"ஓஹோ" என்றார். அந்த ஓஹோவே எனக்குப் பிடிக்கவில்லை. தலையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார். போனது எங்கே என்கிறீர்கள்? ஜரிகைக்கு டெஸ்ட் போடுகிற கடைக்கு! அங்கே ஒரு மெஷின் உண்டு. பொருளை உள்ளே வைத்தால் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். சாயங்காலம் திரும்பியவர் பட்டறை வாசலிலேயே நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சத்தம் போட்டார்.

"செம்பு இருக்குது!"

"இருக்கும் சார். இருக்கணும்."

"பதினேழு, நாலுன்னு ரெண்டுதானே சொன்ன? மூணாவதா செம்பு எப்படி உள்ள வந்துச்சு? பேரு சொல்லாம உள்ள வர்றவன இன்னான்னுமா சொல்லுவாங்க?"

பொறுமையாகத்தான் விளக்கினேன். உலையில் ஊறும்போது அந்தச் செம்புதான் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியாகப் பிரிந்து, எஃகை நெளியவிடாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்கிறது; செம்பை எடுத்துவிட்டால் அந்தப் பலம் வராது என்றேன். அவர் எங்கே கேட்டார்? பேசும்போது என் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டீலரும் நீயும் ஒரே சர்ச்சாமே?"

எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. கமிஷன் வாங்கினாய் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கு முந்தின தலைமுறைவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள்தான். முதலில் படித்து வேலைக்கு வந்தவள் நான். இந்தப் பெயரோடு வெளியே போனால் இந்தப் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

மறுநாள் சரக்கு அறைச் சாவி என் கையை விட்டுப் போனது. நான் போனை எடுத்தால் பக்கத்தில் யாராவது எதையாவது தேடிக்கொண்டு வந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டீலர் உண்மையிலேயே கண்டதைக் கலந்து தள்ளிவிட்டாரோ? ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முழுக்க அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக.

கடைசியில் நானே கேட்டுவிட்டேன். "சார், உங்க எவர்சில்வர்ல ஒண்ணு, என்னுதுல ஒண்ணு வார்க்கறேன். நீங்களே அடிச்சுப் பாருங்க."

சம்மதித்தார். ஆனால் நான் மாற்றி வைத்துவிடுவேனாம்! வார்க்கும்போது கூடவே நின்றார். உலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வேர்வை ஊற்ற ஊற்ற உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்து ஆறியதும், என்னுடையதின் கழுத்தில் தன் கையாலேயே சிவப்புப் பட்டு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டார். பிறகு நீளக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் வழியாக இரும்புக் குண்டை முகப்பின்மேல் விழவிட்டார். எவர்சில்வர் குழிந்துபோனது. பட்டு நூல் கட்டியதில் குண்டு பட்ட இடத்தில் ஒரு சின்ன மினுக்கல், அவ்வளவுதான். நம்பாமல் திரும்பத் திரும்பப் போட்டார். விரலால் தடவினார், நகத்தால் சுரண்டினார்.

"சரி, இதுலயே போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னிப்பா? மூச்!

ஏற்றுமதிக்காரருக்கு மாதிரி பிடித்து ஆர்டர் வந்தது. சாவியும் என்னிடம் திரும்பி வந்தது. ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டுப்புடவையை நீட்டினார், அகலக் கரை போட்ட அரக்குச் சிவப்பு. "நம்ம கடைப் புடவைமா. சுத்த ஜரிகை." வாங்கும்போது எனக்குக் கண் கலங்கியதை மறைக்கப் போவதில்லை.

பஸ்ஸில் போகும்போதுதான் அது மனசைக் குடைய ஆரம்பித்தது. நான் ஜரிகையைப் பற்றிக் கேட்கவே இல்லையே. அவராக ஏன் சொன்னார்? வீட்டுக்குப் போகாமல் நேராக அந்த டெஸ்ட் கடையில் போய் நின்றேன். மெஷின்காரர் கரையை உள்ளே வைத்துப் பார்த்தார்.

"வெள்ளியே இல்லமா. செம்புக் கம்பிதான். மேல கலர் ஏத்தியிருக்காங்க. எந்தக் கடையில எடுத்த?"

சொல்லாமல் புடவையை மடித்து வாங்கிக்கொண்டேன்.

முதல் லோடு ஏற்றிய அன்று அதையே கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். லாரிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த முதலாளிக்கு வாயெல்லாம் பல். "அட, நம்ம புடவை! அம்சமா இருக்குதுமா."

"ஆமா சார். மெஷின்ல வெச்சுப் பார்த்தேன். செம்பு இருக்குது."

கற்பூரத் தட்டு அப்படியே நின்றது. அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். என்னை லாரிக்குப் பின்னால் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத யார்கிட்டயாவது சொன்னியாமா?"

"இல்ல சார்" என்றேன்.

சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நம்பவில்லை.