முகத் தேர்வில் தோற்ற நாள்

எங்கள் மதுரைப் பக்கம் கல்யாண வீட்டில் எதிரே வருபவரை "வாங்க" என்று கேட்காவிட்டால் உறவே விட்டுப்போகும். நானோ பலரை அப்படி வரவேற்காமலே கடந்திருக்கிறேன். 'திமிரு புடிச்சவ' என்று எனக்கு முதலில் பெயர் வைத்தவள் என் நாத்தனார் செல்விதான்.

பசுமலையில் ஒரு கல்லூரியில், யாருக்கு எந்த அளவு முகம் அடையாளம் தெரிகிறது என்று சோதிப்பதாகக் கேள்விப்பட்டு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் வெளியே காத்திருந்தாள். உள்ளே, முடியும் பொட்டும் நகையும் தெரியாத வெறும் முகங்கள் திரையில் வந்தன. முன்பே காட்டியதா, புதிதா என்று சொல்ல வேண்டும். எனக்கு எல்லாமே புது முகம்!

"உங்களுக்கு மொகம் மனசுல தங்கலக்கா. சில பேருக்குப் பொறவியிலேயே அப்படித்தான்" என்றாள் சோதித்த பெண்.

அப்படியானால் இது திமிரில்லை! சந்தோஷம் தாங்காமல் வெளியே ஓடிவந்து, பச்சைச் சேலையில் நின்றவளின் கையைப் பிடித்துக் குதித்தேன். "செல்வி, நான் ஃபெயிலு! அம்புட்டும் தப்பு!"

அந்தப் பெண் மிரண்டுபோனாள். பின்னாலிருந்து இன்னொரு பச்சைச் சேலைக்காரி வந்து என் தோளைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தாள்.

"நாந்தான் மதினி, செல்வி."

இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்தில் என்னிடம் வந்தாலும், அவள் முதலில் தன் பெயரைத்தான் சொல்கிறாள்.