பாஹுவா வேண்டாம் என்ற மேடை

பாஹுவா லோரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் அல்ல, எங்கள் ஊர்க்காரர்கள் மேல். அவள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் லாவோஸ் மலையிலிருந்து அகதிகளாக அங்கே போன ஹ்மோங் இனத்தார். வீட்டில் ஹ்மோங் பேச்சு, பள்ளியில் ஆங்கிலம். சீன மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல், அதைப் படிக்கவென்றே வடகிழக்குச் சீனாவில் எங்கள் ஊரான ஷென்யாங்குக்கு வந்தாள். பல்கலைக்கழகம் அவளை என் வீட்டில் தங்கவைத்தது.

அவள் செய்த ஒரே குற்றம், அவள் முகம் எங்கள் முகத்தைப் போல இருந்ததுதான். வந்த புதிதில் கறிக்கடைக்கு அனுப்பினேன். அவள் வாய் திறக்கத் தடுமாற, கடைக்காரன் கத்தியை வைத்துவிட்டு முறைத்தான்.

“ஏம்மா, காது கேக்காதா, பேச்சு வராதா?”

“நான்... அமெரிக்கா. படிக்க... வந்தேன்.”

“அமெரிக்காவா! மூஞ்சியப் பாத்தா பக்கத்து ஜில்லா மாதிரி இருக்கு. நாலு நாள் வெளிநாட்டுல இருந்துட்டா சொந்த பாஷை மறந்துடுமோ?”

அவள் வெறுங்கையோடு வந்தாள். அவள் வகுப்பிலேயே டால்ட்டன் என்று ஒரு மஞ்சள் தலை வெள்ளைக்காரப் பையன் இருந்தான். அவன் “நல்லா இருக்கீங்களா?” என்று குழறினால் போதும், தெருவே பல்லிளிக்கும். “அடேயப்பா, என்னமா பேசறான்!” என்று அதே கறிக்கடைக்காரன் ஒரு துண்டு கூடுதலாகப் போடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளுக்கு வராதா? வந்தது. அந்த வீம்பிலேயே படித்தாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒரே சொல்லைத் தொண்டை கட்டும்வரை சொல்லுவாள். என்னோடு உட்கார்ந்து புளித்த முட்டைகோஸ் கொழுக்கட்டை பிடித்தபடி ஊர் வம்பெல்லாம் கேட்பாள். இரண்டாவது குளிர்காலத்தில் அந்தக் கறிக்கடைக்காரனிடம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சண்டை போட்டு எலும்பைக் குறைத்துக் கறி வாங்கினாள். அவன் பாராட்டவில்லை. சீனத்தி சீனம் பேசுவதில் என்ன அதிசயம்?

வெளிநாட்டு மாணவர்களுக்கு மாகாண அளவில் பேச்சுப் போட்டி ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் காட்டுவார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஆள்.

“எனக்கு அது வேணும் அத்தை,” என்றாள். “ஒரே ஒரு தடவை அந்த மேடையில நிக்கணும். இது எனக்குப் பொறப்புல வந்தது இல்ல, நான் கத்துக்கிட்டதுன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

பல்கலைக்கழகம் வைத்த தேர்வில் அவள்தான் முதல். வெளிநாட்டு மாணவர் பிரிவின் தலைவர் ஷாவோ, மாணவர்களுக்கும் எங்களைப் போலத் தங்க இடம் கொடுத்தவர்களுக்கும் விருந்து வைத்தார். நடுவில் கோப்பையோடு எழுந்தார்.

“பாஹுவா, நம்ம சார்பா நீ போட்டிக்குப் போறியாம்மா?”

எங்களில் யாரும் இப்படிக் கேட்டவுடன் ஆவென்று வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு தடவையாவது வேண்டாம் என்பார்கள். கேட்டவர் விடாமல் மறுபடி கேட்க வேண்டும், அது அவர் கடமை. கீழ்வீட்டு மெங் ஊறுகாய் கொண்டுவந்தால் வாசலிலேயே நானும் அவளும் ஜாடியை இழுபறி செய்வதைப் பார்த்துவிட்டு, “சண்டையா அத்தை?” என்று முதலில் பயந்தவள்தான் பாஹுவா. பிறகு அவளே மெங்கோடு மாடிப்படியில் மல்லுக்கு நின்று, கடைசியில் வெட்கத்தோடு வாங்கி வருவாள். அவ்வளவு பழகிவிட்டாள்.

அன்றும் எழுந்தாள். தன் கோப்பையை அவர் கோப்பைக்குக் கீழே பணிவாகப் பிடித்து, “ஐயோ, எனக்கு அந்தத் தகுதி இல்லைங்க. என்னைவிட நல்லாப் பேசறவங்க இருக்காங்க,” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வயிற்றில் பிறந்த பெண்ணாக இருந்தாலும் அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஷாவோ தலையாட்டினார். “அப்படியா? சரி சரி. அமெரிக்காக்காரங்க மனசுல இருக்கறதைப் பட்டுனு சொல்லிடுவாங்க. நாம வற்புறுத்தக் கூடாது. டால்ட்டன், நீ போறியா?”

“போறேன்!” என்றான் அவன். எல்லாரும் கைதட்டினார்கள். பாஹுவா கோப்பையைப் பிடித்தபடியே நின்றாள்.

நான் ஷாவோவை நடையில் மடக்கினேன். “ஒரு மரியாதைக்குத்தான் அவ வேண்டாம்னு சொன்னா. அது உங்களுக்குத் தெரியாதா? நீங்க என்ன நேத்துப் பொறந்தவரா?”

“மெதுவாப் பேசுங்க அக்கா. டிவியில அந்தப் பொண்ணு பேசினா யாருக்கு அதிசயம்? பாக்கறவன் உள்ளூர்ப் பொண்ணுன்னு நெனச்சு சேனலை மாத்திடுவான்.”

சந்தையில் திட்டுவதற்குச் சீனத்தி, விருந்தில் கழற்றி விடுவதற்கு அமெரிக்காக்காரி. எது வசதியோ அது. அந்தக் கோப்பையை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்ததை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

போட்டிக்கு முந்தின நாள் ஒத்திகையில் நடுவர்கள் மனப்பாடப் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா நாலு கேள்வி கேட்டார்கள். டால்ட்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. “என்னால முடியாது, இது பாஹுவாவோட இடம்,” என்று அவனே விலகிக்கொண்டான். ஷாவோ ஆப்பிள் பையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“நீதாம்மா காப்பாத்தணும். நாளைக்கு நீ பேசணும்.”

“வேண்டாங்க.”

ஷாவோ முகமெல்லாம் சிரிப்பு. “அடடா, என்ன அடக்கம்! வா வா.”

“வேண்டாம்.”

“சூய் அக்கா, எவ்வளவு நல்லாப் பழக்கியிருக்கீங்க!” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள்.

“அன்னைக்கு நான் வேண்டாம்னப்போ என்னை அமெரிக்காக்காரியாக்கினீங்க. இன்னைக்கு வேண்டாங்கிறேன், சீனத்தியாக்கறீங்க. நான் எப்ப எதுவா இருக்கணும்னு நீங்க யாரு சொல்ல? எனக்கு வேண்டாம்!”

அவர் என் பக்கம் திரும்பினார். “என்னக்கா, மட்டு மரியாதை இல்லாம பேசுறா?”

“மரியாதை அவளுக்கா இல்ல, உங்களுக்கா?” என்று ஆப்பிள் பையை அவர் கையில் திணித்துக் கதவைச் சாத்தினேன்.

ஜெயித்துவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் போகணும் அத்தை. ரொம்ப ஆசையா இருக்கு.”

“அப்ப ஏண்டி விரட்டினே? படியிலதான் இருப்பாரு, கூப்பிடவா?”

“வேண்டாம். அவருக்கு ஓட்டை அடைக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

மறுநாள் தொலைக்காட்சியில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு யாரும் இல்லை. அதற்காக யாரும் ஷாவோவைக் கேள்வி கேட்கவில்லை, அடுத்த வருடமும் அவர்தான் தலைவர். பாஹுவா அமெரிக்காவுக்குத் திரும்பினாள். இப்போது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீனம் சொல்லித்தருகிறாள். நன்றாக இருக்கிறாள், அடிக்கடி போனில் பேசுவாள். நீ செய்ததுதான் சரி என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஆமாம் அத்தை என்கிறாள். சரியாக நடந்தவள்தான் மேடையை இழந்தாள், தப்பாக நடந்தவருக்கு ஒரு நாள் தூக்கம்கூடக் கெடவில்லை. இது என்ன நியாயம் என்று அவளும் கேட்பதில்லை, நானும் வாய்விட்டுக் கேட்பதில்லை.